வீட்டில் போடக்கூடாத தட்டு

பதுளைக் கடைவீதியில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கிராமபோன் வந்தபோது அதனுடன் ஆறு தட்டுகளும் வந்தன. அவற்றில் ஐந்தை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் போட்டுக் காட்டினோம். ஒன்றை மட்டும் வீட்டுக்குள் போடவே கூடாது என்று தீர்ப்பாகிவிட்டது. அது ஒப்பாரித் தட்டு. எனக்கோ பின்னால் அந்த ஒன்றைத்தான் கேட்கவேண்டியிருந்தது. என் அம்மா செத்துப்போயிருந்தாள், நான் இன்னும் அழவில்லை. அழுவதற்கு என் புகுந்த வீட்டில் இடமும் ஒதுக்கவில்லை, நேரமும் ஒதுக்கவில்லை. அந்தத் தட்டு கிடைத்தால் அழுதுவிடலாம் என்று நான் நம்பினேன். இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. அப்போது சிரிப்பு வரவில்லை.

பெட்டி வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரருக்கு ஜவுளிக்கடை. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. அப்போது பதுளைக்கு ரயில் வரவில்லை, பண்டாரவளையோடு நின்றுவிடும். கொழும்புக்குச் சரக்கு எடுக்கப் போனவர், பண்டாரவளையிலிருந்து வந்த மாட்டு வண்டியில் துணிக்கட்டுகளுக்கு நடுவே ஒரு பெரிய பித்தளைக் குழலைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினார். தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும், கூலியாட்களை வேலைவாங்கும் கங்காணிமார் பாட்டுக் கேட்டுக்கொண்டே ஒரு வேட்டி வாங்குகிற இடத்தில் இரண்டு வாங்குவார்கள் என்பது அவருடைய கணக்கு. என் மாமியார் விலையைக் கேட்டுவிட்டு அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. மறுநாள் காலையில் எழுந்து குளித்து, பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். கோபம் வேறு, சம்பிரதாயம் வேறு. இரண்டையும் அவர் ஒருநாளும் கலந்ததில்லை.

தட்டுகளை என் வீட்டுக்காரர் கேட்டுப் பார்த்து வாங்கவில்லை. கொழும்புக் கடைக்காரன் ஒரே ஒரு முருகன் பாட்டைப் போட்டுக் காட்டியிருக்கிறான். மற்றதெல்லாம் எப்படி என்று கேட்டதற்கு, “எல்லாம் நல்ல குரலுங்க, மனசு உருகிப் போயிரும்” என்றிருக்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. தட்டின் நடுவில் ஒட்டியிருந்த வட்டக் காகிதத்தில் என்ன பாட்டு என்று ஆங்கிலத்தில் இருந்தது. இவருக்குத் தெரிந்த ஆங்கிலம் துணிக்கட்டின் மேல் இருக்கும் எழுத்தோடு சரி.

நல்ல நாள் பார்த்து, ஒரு வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் பெட்டியைப் பாட வைத்தோம். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் நாங்கள் அடுக்களை வாசலில் நின்றோம். முதலில் முருகன் பாட்டு. என் மாமியார் முன்னால் வந்து கைகூப்பி நின்றார். பாட்டு முடிந்ததும் குழலுக்குக் கற்பூரம் காட்டினார். பாடிய நாடகக்காரியை நேரில் வீட்டுப் படியேற விட்டிருப்பாரா என்பது வேறு விஷயம். இவர் உற்சாகத்தோடு அடுத்த தட்டை எடுத்து வைத்தார். ஒரு பெண்குரல் நீளமாக இழுத்தது. மாமியார் அம்மன் பாட்டு என்று நினைத்து மறுபடியும் கைகூப்பினார். கூப்பிய கை கூப்பியபடியே இருக்க, “என்னப் பெத்த அம்மா, என்ன விட்டுப் போனியேம்மா” என்று குழல் ஓலமிட்டது.

விளக்கு வைத்த வீட்டில், வெள்ளிக்கிழமையில், புதுப் பொருளின் முதல் நாளில் ஒப்பாரி! கூடத்தில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. என் வீட்டுக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஊசியைத் தூக்கினால் சத்தம் நின்றுவிடும் என்பதை மறந்துபோய், தோளில் கிடந்த துண்டை எடுத்துக் குழலுக்குள் திணித்தார். ஓலம் நிற்கவில்லை. வாயில் துணி அடைத்தும் அழுகையை விடாத பெண்ணாக அந்தக் குரல் உள்ளேயிருந்து முனகியது, அது முன்னைவிட மோசமாக இருந்தது. நான் உள்ளே போய் ஊசியைத் தூக்கினேன். ஆண்கள் இருந்த கூடத்துக்குள் நான் கேளாமல் நுழைந்தது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு அதை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதன் பிறகு வீடு முழுக்கக் கழுவினோம், மஞ்சள் தண்ணீர் தெளித்தோம், வாசலில் பூசணிக்காய் உடைத்தோம். தட்டை என்ன செய்வது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. தூக்கி எறிய இவருக்கு மனம் வரவில்லை. உடைத்துவிடலாம் என்று நான் சொன்னேன். “உள்ளுக்குள்ள ஒருத்தி அழுதுகிட்டு இருக்கா. அவள ஒடைச்சா அந்தப் பாவம் யாருக்கு?” என்று மாமியார் கேட்டார். கடைசியில் தட்டு கடையின் பின்னறைக்குப் போயிற்று. சாவு வீட்டுக்கு வாங்கிப் போகிற கோடித் துணியை எந்த ஜவுளிக்கடையிலும் கண்ணில் படுகிற மாதிரி வைக்கமாட்டார்கள். எங்கள் கடையிலும் அது பின்னறை மூலையில்தான் இருந்தது. தட்டுக்கும் அந்த மூலையே பொருத்தம் என்று முடிவாயிற்று.

மற்ற ஐந்தும் சாயங்காலம்தோறும் பாடின. எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைக்கமாட்டேன். கல்யாணம் முடிந்து கடல் கடந்து வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் நான் கேட்ட பெண்குரல்கள் இரண்டுதான். ஒன்று என்னுடையது, மற்றது மாமியாருடையது. இப்போது மூன்றாவதாக ஒருத்தி வந்துவிட்டாள். உப்புப் போட்டாயா, அடுப்பை அணைத்தாயா என்று அவள் கேட்கவில்லை. அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்று அவள் பாடுவதைக் கேட்பேன். சில நாள் குழம்பு அடிபிடித்துவிடும். அதற்கும் பெட்டிக்கும் சம்பந்தம் இல்லை என்று சாதிப்பேன்.

ஐப்பசி பிறந்த சமயத்தில் என் அம்மாவின் செய்தி வந்தது. எங்கள் கடையில் வேலை பார்த்த ஒருவர் மதுரைப் பக்கத்தில் எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்க்காரர். விடுமுறைக்குப் போய்த் திரும்பி வந்தவர், அம்மா ஆனி மாதமே போய்விட்டாள் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். இவர் தம் தாயாரிடம் சொன்னார். மாமியார் என்னிடம் சொல்லுமுன் கிணற்றடியில் குடத்தில் தண்ணீர் இறைத்து வைத்துவிட்டார். அவரிடம் எப்போதும் எல்லாம் முறைப்படி நடக்கும்.

“ஒங்கம்மா தவறிட்டாங்களாம். ஆனியிலயே. காரியமெல்லாம் ஒங்க அண்ணன்மாரு முடிச்சாச்சு. கட்டிக் குடுத்த பொண்ணுக்குக் காலம் கடந்து சேதி வந்தா ஒரு முழுக்குதான். தலைக்கு ஊத்திக்க.”

“அழலாமா அத்தை?” என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

“அழு. யாரு வேணாம்னா? ஆனா சத்தம் போடாத. தீவாளிச் சரக்கு வந்து எறங்கியிருக்கு. கடைக்கு ஆளு வர்ற நேரம்.”

தலைக்கு ஊற்றிக்கொண்டேன். ஈரம் காய்வதற்குள் மத்தியானச் சமையலைத் தொடர்ந்தேன். அவ்வளவுதான் என் அம்மாவின் சாவு. ஊரில் என்றால் தெருப் பெண்கள் எல்லாரும் வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்வார்கள். ஒருத்தி எடுப்பாள், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள், அழுகை தானாக வரும். தனியாக அழுகிற பழக்கம் எங்களுக்கு இல்லை, யாரும் கற்றுக்கொடுக்கவும் இல்லை. வெங்காயம் உரிக்கிற சாக்கில் முயன்று பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, அது வெங்காயத்தின் தண்ணீர்தான். நெஞ்சில் மட்டும் ஒரு கல் உட்கார்ந்திருந்தது.

என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். என் முகத்தைப் பார்த்துவிட்டு அன்று சாயங்காலம் எனக்காகவே பெட்டியைத் திறந்தார். “மனசுக்கு ஆறுதலா இருக்கும்” என்று சொல்லி ஒரு நாடகக் கோமாளிப் பாட்டை வைத்தார். கோமாளி தன் பெண்டாட்டியிடம் அடிவாங்குகிற பாட்டு அது. முடிகிறவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

“அந்தத் தட்டப் போடுங்க” என்றேன்.

“எந்தத் தட்டு?”

“பின்னறையில கெடக்குதே, அது.”

பேயறைந்த மாதிரி பார்த்தார். “ஒனக்கென்ன புத்தி பெரண்டு போச்சா? குடித்தனம் நடக்குற வீடு இது.”

“செத்தது எங்கம்மா தானுங்களே?”

“செத்தது அங்க. வீடு இங்க.”

இதற்கு மேல் அவரிடம் பேசிப் பயனில்லை. தீபாவளி வந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச்சேலை கட்டிக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் பலகாரம் கொடுத்தேன். வியாபாரம் அமோகம். முருகன் பாட்டுத் தட்டு அன்றைக்குக் காலையிலிருந்து ஓயாமல் பாடித் தொண்டை கட்டிப்போயிற்று. சேலை நன்றாக இருக்கிறது என்று பக்கத்துக் கடைக்காரர் மனைவி சொன்னாள். எனக்கு அதைக் கிழித்துப் போட வேண்டும்போல் இருந்தது.

கார்த்திகை மழையில் நமுனுகுலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து பெரிய கங்காணி நனைந்துகொண்டே கடைக்கு வந்தார். கூலியாட்கள் குடியிருக்கும் நீள வரிசைவீடான லயம் ஒன்று முழுக்கவும் அதற்கு மேலும் அவருடைய ஆட்கள்தான். அத்தனை பேருக்கும் துணி எங்கள் கடையில். அவருடைய தாயார் இறந்துவிட்டாள், கோடி எடுக்க வந்திருந்தார். பின்னறைக்குள் போனவர் கோடித் துணிக்கட்டின் மேல் கிடந்த தட்டைப் பார்த்து என்னவென்று கேட்டிருக்கிறார். என் வீட்டுக்காரர் உள்ளதைச் சொல்லிவிட்டார். கங்காணியின் கண்ணீர் நின்றுவிட்டது.

“மொதலாளி, இத எனக்குக் குடுங்க. பெட்டியையும் குடுங்க. எங்காத்தாளுக்குப் பாட்டுப்பெட்டி வச்சு ஒப்பாரி வைக்கணும். ஹல்துமுல்லையிலருந்து பூனாகலை வரைக்கும் எந்தத் தோட்டத்துலயும் இப்புடி ஒரு எழவு நடந்திருக்கக் கூடாது!”

மறுக்க முடியாது. மறுத்தால் லயம் லயமாக அடுத்த கடைக்குப் போய்விடும். பெட்டியைக் கம்பளியில் சுற்றி ஒருவர் தலையிலும், குழலை இன்னொருவர் தலையிலும் ஏற்றினார்கள். தட்டை என் வீட்டுக்காரரே மார்போடு அணைத்துக்கொண்டு மழையில் புறப்பட்டார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. முன்பின் பார்த்திராத ஒரு கிழவிக்கு அழுவதற்காக அந்தத் தட்டு மலையேறிப் போகிறது, பின்னறைக்கும் அடுக்களைக்கும் நடுவே ஒரு சுவர்தான், அதைத் தாண்டி என் அம்மாவுக்காக வரமுடியவில்லை.

மறுநாள் திரும்பி வந்த என் வீட்டுக்காரர் கதை கதையாகச் சொன்னார். இவர்கள் போய்ச் சேரும்போது லயத்து வாசலில் பெண்கள் மாரடித்து அழுதுகொண்டிருந்திருக்கிறார்கள். ஒரு தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் கிராமபோனை வைத்துத் தட்டைச் சுற்றவிட்டதும், அத்தனை பேரும் அழுகையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார்களாம். முடிந்ததும் இன்னொரு முறை வைக்கச் சொன்னார்களாம். “இந்தம்மா இம்புட்டு நேரமா அழுவுது, தொண்ட காஞ்சிருக்கும், ஒரு வாய் தேத்தண்ணி குடுங்கப்பா” என்று ஒருத்தி சொல்ல, பிணத்தின் தலைமாட்டில் இருந்தவர்களே சிரித்துவிட்டார்களாம். பாடையைத் தூக்கிய பிறகுதான் பெண்களுக்குத் தாங்கள் அழவே இல்லை என்பது நினைவு வந்திருக்கிறது. அதுவரைக்கும் பெட்டிதான் அழுதது. கங்காணிக்கு ஏகப் பெருமை.

பெருமையெல்லாம் மலையோடு சரி. எங்கள் வீட்டு வாசலில் மாமியார் குறுக்கே நின்றார். எழவு வீட்டுக்குப் போய்வந்தவர் இவர் தலைமுழுகிவிட்டு உள்ளே வரலாம். பெட்டி?

“அதையும் குளிப்பாட்டு” என்றார்.

“அம்மா, உள்ள வில்லு இருக்கு. தண்ணி பட்டா துருப்பிடிச்சிரும்.”

“அப்ப எழவு வீட்டுக்கு ஏன் தூக்கிட்டுப் போன?”

கோயில் குருக்களிடம் ஆள் போயிற்று. பாட்டுப் பெட்டியின் தீட்டைப் பற்றிச் சாத்திரத்தில் எதுவும் காணோம் என்று அவர் உண்மையைச் சொல்லியனுப்பினார். ஆனாலும் வீட்டுப் படிக்கு வெளியே மூன்று நாள் வைத்திருந்து, பிறகு மேலே மட்டும் மஞ்சள் தண்ணீர் தெளித்து எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வழியும் சொன்னார். பெட்டி, குழல், தட்டு மூன்றும் கொல்லைப்புறத்து விறகுக் கொட்டகைக்குப் போயின.

அன்று முழுக்க எனக்கு ஒரே யோசனை. வீட்டுக்குள் போடக்கூடாது என்பதுதானே சட்டம்? கொட்டகை வீடு இல்லை. போட்டால் தீட்டு என்றால், தீட்டுப்பட்டுக் கிடக்கிற பெட்டிக்கு இனிமேல் என்ன தீட்டு வந்துவிடப்போகிறது? என் மாமியாரின் சட்டத்தையே எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன், எந்தப் பக்கத்திலும் ஓட்டையாகத்தான் தெரிந்தது. மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு இவர் கடைக்குப் போனார், மாமியார் படுத்தார். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கொட்டகைக்குப் போய்ச் சாவியை முறுக்கி, ஊசியை வைத்தேன்.

முதலில் ஏமாற்றம்தான். ஈரத்தில் பெட்டி கரகரத்தது. அந்தப் பெண் தன் தாயாரின் வெள்ளிக் கட்டிலையும், பொன் விசிறியையும், ஏழு கட்டு வீட்டையும் சொல்லிச் சொல்லி அழுதாள். என் அம்மா கோரைப்பாயில் படுத்தவள். விசிறி பனையோலை. வீடு மழைக்கு ஒழுகும். இது யாரோ பணக்காரியின் அம்மா, நமக்கு ஒத்துவராது என்று நினைத்துக்கொண்டு, புளி வாங்கப்போன இடத்தில் பேரம் படியாதவளாட்டம் உட்கார்ந்திருந்தேன். தட்டு முடிந்தது. இவ்வளவு காத்திருந்து இதற்குத்தானா என்று கோபம் வந்தது. கோபத்திலேயே மறுபடி வைத்தேன்.

இந்த முறை வார்த்தைகளை விட்டுவிட்டேன். அப்போதுதான் வரிக்கும் வரிக்கும் நடுவே அவள் மூச்சு வாங்குவது காதில் விழுந்தது. மூச்சு முட்டி, ஒரு விக்கலோடு உள்ளே இழுத்து, பிறகு அடுத்த வரியை எடுத்தாள். என் அம்மாவுக்கு இழுப்பு வியாதி. குளிர்காலத்தில் அவள் பக்கத்தில் படுத்திருக்கும்போது அப்படித்தான் கேட்கும். என்னை வண்டி ஏற்றி அனுப்பிய அன்றைக்கு அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை, அந்த மூச்சு மட்டும்தான் கேட்டது. கடைசியாக அவளிடமிருந்து நான் கேட்டது அதுதான். விறகின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு ஓவென்று கதறினேன். தட்டு நின்ற பிறகும் என் சத்தம் நிற்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தபோது மாமியார் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றார்.

“சத்தம் வெளிய கேக்குது” என்றார்.

“தட்டு சத்தமா, எஞ் சத்தமாங்க அத்தை?”

“ஒஞ் சத்தந்தான்.”

திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் உள்ளே வந்து சாக்கை உதறி மடித்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்தார்.

“எங்கம்மா போன சேதி எனக்கு வந்தப்ப அவ போயி வருசம் ஒண்ணாயிருச்சு” என்றார். “ஒன் வீட்டுக்காரன் அப்ப கைக்கொழந்த. எம் மாமியா தண்ணி எறச்சு வச்சிருந்தாங்க. அதே கெணத்தடிதான்.”

“அழுதீங்களா?”

“ஒரு முழுக்குக்கு எவ்வளவு அழ முடியும்?” தட்டைக் கைகாட்டினார். “அத வை.”

வைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அடுக்களையில் அதிகாரம் செய்து பழகிய அந்த முகம் சின்னப் பெண்ணின் முகமாகச் சுருங்கிப்போனது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சத்தமில்லாமல் குலுங்கினார். நான் போய் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். தட்டிவிடுவார் என்று பயந்தேன். தட்டிவிடவில்லை.

தட்டு முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு பழைய மாமியாராகிவிட்டார். இரண்டு பேரும் தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும், ராத்திரிச் சமையலுக்கு நேரமாயிற்று என்றெல்லாம் வரிசையாகச் சொன்னார். எழுந்தவர் போகவில்லை.

“எம் பொண்ணுங்க ரெண்டு பேரையும் ஊருலதான் கட்டிக் குடுத்திருக்கு. நான் போனா அவளுகளுக்கும் சேதி எப்பப் போயிச் சேருமோ. ஒரு முழுக்குதான். இங்க இருக்கப்போறவ நீ ஒருத்தி.”

“எதுக்குங்க அத்தை இப்ப அந்தப் பேச்சு?”

“கேளு. அன்னைக்கு ஒன் வீட்டுக்காரன் இந்தப் பெட்டியத் தூக்கிட்டு வருவான். அவனுக்குப் பெருமதான் பெரிசு. நீ விடாத. இதுக்குள்ள இருக்கறவளுக்கு எம்பேரு தெரியுமா, ஊரு தெரியுமா? நீ எம்பேரச் சொல்லி அழு.”

ஆகட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. இத்தனை வருடம் ஒரே அடுப்பில் சமைத்திருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு அவர் அம்மா, எனக்கு அத்தை, ஊருக்கெல்லாம் முதலாளியம்மா. அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் கடலுக்கு இந்தப் பக்கம் இல்லை.

“எனக்கும் தெரியாதுங்க அத்தை” என்றேன்.

அவர் யாராவது இருக்கிறார்களா என்று கொட்டகை வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, என் காதருகே குனிந்து சொன்னார்.